பத்தாவது கேள்வி

2021 மே 24, திங்கட்கிழமை. தளர்வில்லாத முழு ஊரடங்கின் முதல் நாள். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே உள்ள ஊர்களில் கடைகள் திறக்கவில்லை. காய்கறி வண்டிகளுக்கு மட்டும் அனுமதி இருந்தது.

கிராம சுகாதார செவிலியர் மரியபுஷ்பம், பூவிழிக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார். இரண்டும் சரியாக இருந்தன.

பூவிழிக்கு எட்டாம் மாதம். கணவன் சிங்கப்பூரில் இருந்தான், விமானம் இல்லை. அம்மா கொரோனாவில் இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கடைசியாக முகம் பார்க்கக்கூட அவளை அனுப்பவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அழக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள்.

அவள் அழவில்லை.

மரியபுஷ்பம் வாசலில் தள்ளிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போய் மனநலப் படிவத்தை எடுத்தார்.

"பத்தே கேள்விதாம்மா. முன்ன மாதிரி சிரிக்க முடியுதா?"

பதில் மாமியார் தங்கமணியிடமிருந்து வந்தது. "டிவியில காமெடி போட்டா சிரிக்கிறா சிஸ்டர்."

"தூக்கம்?"

"அவளுக்கென்ன, நல்லாத் தூங்குறா. எனக்குத்தான் வரமாட்டேங்குது. அதுக்கு ஒரு ஃபாரம் இருந்தா கொண்டாங்க."

ஒவ்வொரு பதிலுக்கும் பூவிழி தலையாட்டினாள்.

ஒன்பதாவது கேள்வி முடியும்போது தெருமுனையில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி கேட்டது. தக்காளி தீர்ந்துவிடும் என்று தங்கமணி கூடையோடு ஓடினார்.

மரியபுஷ்பம் படிவத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார்.

"பத்துன்னீங்க," என்றாள் பூவிழி. "ஒம்பதுதான் ஆச்சு."

பத்தாவது கேள்வி சாவைப் பற்றியது. பிள்ளைத்தாய்ச்சியின் முன்னால் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் பலித்துவிடும் என்று பயம்.

மரியபுஷ்பம் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டார். படிவத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உசுரோட இருக்க வேணாம்னு எப்பவாச்சும் தோணுதா கண்ணு?"

"தெனமும் தோணுது சிஸ்டர்."

அதைச் சொன்ன பிறகு அவள் அழுதாள்.

தக்காளியோடு திரும்பிய தங்கமணி பதறிப்போனார். "அய்யோ, புள்ளைக்கு ஆவாதுடி."

"அழட்டும்ங்க. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. பக்கத்துல உக்காருங்க. அவளத் தனியா விடாதீங்க."

தங்கமணி கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார். மரியபுஷ்பம் அடுத்துக் கேட்டதற்கெல்லாம் பூவிழியே பதில் சொன்னாள்.

மரியபுஷ்பம் ஏற்பாடு செய்ததில், பிற்பகலில் ஒரு மனநல மருத்துவர் பூவிழியிடம் நாற்பது நிமிடம் போனில் பேசினார். வாரம் இருமுறை பேசுவது என்று முடிவானது.

மாலையில் மரியபுஷ்பம் துணை சுகாதார நிலையத்தில் பீரோவைத் திறந்து, அந்த மாதம் முடித்திருந்த மற்றப் படிவங்களை எடுத்தார். மொத்தம் பதினொன்று. பத்தாவது கேள்விக்கு எல்லாவற்றிலும் 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் இருந்தது.

அந்தப் பதினொரு டிக்கும் அவர் போட்டவை. அந்தக் கேள்வியை அவர் ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை பதினொரு பேருக்கும் போன் செய்தார். பத்தாவது கேள்வியைக் கேட்டார்.

ஒன்பது பேர் இல்லை என்றார்கள். இருவர் தோன்றுவதாகச் சொன்னார்கள். அவர்களிடமும் மருத்துவரைப் பேச வைத்தார்.

செப்டம்பர் முடிவதற்குள் பன்னிரண்டு பேருக்கும் பிரசவம் ஆனது. தாய்மார்கள் பன்னிரண்டு பேரும் நலம்.