மூலையில் ஒரு விரிசல்

“அனுப்பும்போது நல்லாத்தான் இருந்துச்சு. விளம்பரத்துல போட்டோகூட இருக்கே, பாருங்க” என்றான் இல்மாரி. அந்தப் பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டை அவன் விற்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

“பார்த்தேன். ஆனா மூலையில மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரியுதே” என்று போனில் ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது.

“வாங்கினது ரைமோன்னு ஒருத்தர். நீங்க யாரு?”

“அவர் சம்சாரம், தூலிக்கி. அவர் சவுனாவுல, நீராவிக் குளியல்ல இருக்கார். அதான் மெதுவாப் பேசுறேன்.”

புகார் போனால் இனி இல்மாரியிடம் யார் வாங்குவார்கள்?

“நல்லாத் துடைச்சுப் பாருங்க, தூசியா இருக்கும். விரிசல் இல்லாமத்தான் பெட்டிக்குள்ள வச்சேன். சத்தியமா!”

மறுமுனையில் சூடான கல்லில் தண்ணீர் விழுந்து சீறும் சத்தம் கேட்டது.

“அப்போ அது நான் பண்ணினதுதான்” என்றாள் தூலிக்கி. “மேசையத் துடைக்கும்போது கை தவறிக் கீழ விட்டுட்டேன். அவர் இன்னும் பார்க்கல. போன மாசம் ஒரு தட்டு உடைஞ்சதுக்கே அவர் முறுக்கின விரல் இன்னும் மடங்க மாட்டேங்குது.”

இல்மாரி திரையிலிருந்த விளம்பரப் படத்தைப் பார்த்தான். மதர்போர்டைப் பிடித்திருந்த அவன் கட்டைவிரல், அப்போதே விரிசல் விட்டிருந்த மூலையைக் கச்சிதமாக மறைத்திருந்தது.

“ஐயோ, கதவு திறக்குது. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். அவர் போன் பண்ணினா, முன்னாடியே விரிசல் இருந்துச்சுன்னு எனக்காக ஒரே ஒரு பொய் சொல்றீங்களா?”