விருந்தாளிக்குத் தண்ணீர்

தன் நாடு காலங்காலமாகத் தூத்துக்குடிக்கு அனுப்பிவந்த பழைய கணினிக் குப்பையைத் திருப்பிக் கேட்டு ஒரு வெளிநாட்டு அதிகாரி வந்திருந்தார். அவர்கள் நாட்டில் செம்பும் தங்கமும் தீர்ந்துவிட்டன. இங்கே அவை குப்பைக்குள் மலையாகக் கிடந்தன. கிடங்குச் சாவி, கணினி உடைக்கும் பெண்களின் சங்கத் தலைவி பேச்சித்தாயின் இடுப்பில் இருந்தது.

"வெயில் கடுமையாக உள்ளது. அருந்தத் தண்ணீர் கிடைக்குமா?" என்று அவர் சட்டையில் குத்தியிருந்த மொழிபெயர்ப்புக் கருவி தமிழில் கேட்டது.

வாசலுக்கு வந்த யாருக்கும் பேச்சித்தாய் தண்ணீர் கொடுக்காமல் இருந்ததில்லை. அன்று கொடுக்கவில்லை. அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். கணினிக் குப்பையின் கழிவு ஊறித் தண்ணீர் கறுத்து, மேலே எண்ணெய் மினுங்கியது.

"மொதல்ல இதைக் கப்பல்ல ஏத்துங்க. அப்புறம் மத்தது."

"இது உங்கள் கிணறு அல்லவா?"

"கெணறு எங்களுது. உள்ள கெடக்கது உங்களுது. நல்லதை மட்டும் பொறுக்கிட்டுப் போனா எப்படி?"

அவர் விலையை ஏற்றிப் பார்த்தார். அவள் அசையவில்லை.

கடைசியில் கப்பல் வந்தது. பீப்பாய் பீப்பாயாகக் கறுப்புத் தண்ணீர் போனது, அடிச்சேறு போனது, சுற்றியிருந்த மண்ணும் போனது. ஒவ்வொரு தடவையும் அதிகாரி கிடங்குக் கதவையே பார்த்தார். அவள் கிணற்றைப் பார்த்தாள்.

சில மழைக்காலங்கள் கழித்து ஊற்று தெளிந்தது. பேச்சித்தாய் ஒரு செம்பு மொண்டு, தானும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மறுபடி வந்திருந்த அதிகாரியிடம் நீட்டினாள்.

"அன்னைக்குத் தண்ணி கேட்டீயல்லா? குடிங்க."

அவர் செம்புக்குள் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்த பிறகுதான் சாவி அவள் இடுப்பிலிருந்து இறங்கியது.