எழுத்துக் கட்டத்துக்குள் அப்பா

“இந்தக் கட்டத்தில ஒரு ‘ப’வும் ஒரு ‘ட’வும்தான் அப்பா இருக்கு. உங்கட புரோகிராம் மட்டும் ‘படபட’ எண்டு கண்டுபிடிச்சு வைச்சிருக்கு. எப்பிடி?”

யதுஷா லப்டொப்பைத் தகப்பன் பக்கம் திருப்பிவிட்டாள். நாகேந்திரம் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அதைக் கம்பியூட்டரிடம்தான் கேட்க வேண்டும் என்பதுபோல ஒரு பார்வை.

காலை ஒன்பது மணியிலிருந்து இதே கூத்து. நாலுக்கு நாலு எழுத்துக் கட்டம் ஒன்று. அதற்குள் பக்கத்துப் பக்கத்து எழுத்தாக ஒளிந்திருக்கும் சொற்களை, ஒரே கேள்வி தன்னையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளும் ரிகர்ஷன் முறையில் தேட வேண்டும், அவ்வளவுதான். மனிதர் ஐம்பத்திரண்டு வயதில் கம்பியூட்டர் பாடத்துக்கு மாறியவர். மற்றதையெல்லாம் எப்படியோ பிடித்துவிட்டார். இந்த ஒன்று மட்டும் மண்டைக்குள் ஏறவே மாட்டேன் என்றது.

போன சனிக்கிழமை வகுப்பில், முழு ஹோலும் பார்த்திருக்க, இதே இடத்தில் திணறிப்போய்ப் போர்டுக்கு முன்னால் வாயடைத்து நின்றார். பின்வரிசைப் பெடியள் சிரித்தார்கள். இன்று நாலு மணிக்கும் அப்படி நின்றால் இனி வெள்ளவத்தையில் தலைகாட்ட முடியாது. அவருக்கு மட்டுமா? அதே ஹோலில் உட்கார்ந்து அதைப் பார்க்கப் போகிறவள் யதுஷாவும்தானே. அடுத்த மாதம் அவளுக்கு ஏ.எல். உயர்தரச் சோதனை. செய்ய வேண்டிய கணக்குப் பேப்பர் கட்டுக் குலையாமல் அப்படியே கிடந்தது.

அம்மா சுபோதினி தேத்தண்ணியோடு வந்து, கத்தாமல் ஆறுதலாகச் சொல்லிக்கொடு பிள்ளை என்றாள். இரண்டு பேரும் ஒரே வகுப்புக்குத்தானே போகிறீர்கள், ஒருத்தருக்கொருத்தர் உதவினால் என்ன குறைந்துவிடும் என்று நியாயமும் வைத்தாள். ஒருத்தருக்கொருத்தராம். யதுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்பா, லேனுக்குள்ள வீடு தேடுறமாதிரி நினையுங்கோ. போன வாசலில சோக்கால ஒரு புள்ளி போடுங்கோ. அங்க நிண்டுகொண்டு மிச்ச எழுத்துக்கு அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கோ. புள்ளி போடாட்டி போன வாசலுக்கே திரும்பப் போவியள். அதுதான் உங்கட படபட.”

அவர் புள்ளி போட்டார். ‘படபட’ தொலைந்தது. அதோடு கட்டத்தில் உண்மையாகவே இருந்த சொற்களில் பாதியும் தொலைந்தது. போட்ட புள்ளியைத் திரும்பி வரும்போது அழிக்க வேண்டும் என்று பத்துத் தரமாவது சொல்லியிருப்பாள். ஏன் அழிக்க வேண்டும் என்று பதினோராம் தரம் கேட்டார். யதுஷா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அழிக்காட்டி, வேற வழியால வாற சொல்லுக்கு அந்த வாசல் பூட்டு அப்பா.”

நாகேந்திரம் ஓம், இப்ப விளங்குது என்றார். இதைத்தான் ஒன்பதரைக்கும் சொன்னார், பதினொன்றுக்கும் சொன்னார். மூன்றரைக்கு இரண்டு பேரும் இறங்கி நடந்தார்கள். காலி வீதி நெடுக அவர் வாய்க்குள் புள்ளி, அழி, புள்ளி, அழி என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவளுக்கு அழுகைதான் வரப் பார்த்தது.

ஹோலில் மூன்றாவது வரிசையில், சிநேகிதி நிம்றாவுக்குப் பக்கத்தில் அவள் ஒடுங்கிப்போய் உட்கார்ந்தாள். அப்பா போர்டுக்கு முன்னால் நின்று கட்டத்தைக் கீறினார். புள்ளி போட்டார். மிச்ச எழுத்துக்கு அதே கேள்வியைக் கேட்டார். வழி பிழைத்ததும் ஒரு வாசல் பின்னுக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கடவுளே, அழியுங்கோவன் அப்பா என்று யதுஷா மனதுக்குள் மன்றாடினாள்.

அழித்தார். பிறகு எங்கும் தடக்கவில்லை. கடைசிச் சொல்வரை விறுவிறுவென்று போய்ச் சேர்ந்தார். பின்வரிசையில் ஒரு சத்தமில்லை. யதுஷாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கொப்பியை மூடிய நிம்றா, அவள் காதுக்குக் கிட்ட வந்து பெருமூச்சு விட்டாள்.

“ஒனக்கென்ன யதுஷா, எங்களுக்குப் படிச்சுத் தாற சேர்ட மகள். இந்தக் கஷ்டமான பாடத்தயெல்லாம் ஊட்டுலேயே ஒக்கார வெச்சுச் சொல்லித் தந்திருப்பாரு.”