வாசனை இல்லாத சட்டை

துவைக்காத சட்டையின் காலரை மூக்கோடு வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. கைமடிப்பு, அக்குள், பாக்கெட் என்று ஓர் இடம் விடாமல் முகர்ந்து பார்த்தாள்.

அவள் கணவனுக்கு நகராட்சிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. ஊர்ச் சாக்கடை முழுவதும் முதலில் அவன் கைக்குத்தான் வரும். கல்யாணமான நாளிலிருந்து, வாசலிலேயே நிறுத்தி, குளியலறைக்கு விரட்டிவிட்டுத்தான் அவனை வீட்டில் சேர்ப்பாள். கொஞ்ச நாளாக அதற்கு அவசியமே இல்லாமல் வருகிறான்.

எங்கேயோ குளித்துவிட்டு வருகிறான். வேறென்ன?

"இப்பல்லாம் நீ என்னை விரட்டறதே இல்ல," நேற்று சாப்பிடும்போது சொன்னான். முகமெல்லாம் சிரிப்பு. "மூஞ்சியச் சுளிக்காம பக்கத்துல உக்கார்ற. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா?"

"இருக்கும், இருக்கும். லேப்புக்குப் புதுசா வந்தவ எப்படி இருக்கா?"

"கெட்டிக்காரி. தண்ணி கொஞ்சம் கலங்கலா இருந்தாலும் ஆத்துல விட மாட்டா. கீழ இருக்கற ஊரு குடிக்கிற தண்ணியாச்சே. 'அண்ணே, மறுபடியும் தொட்டிக்கே திருப்புங்க'ன்னுடுவா."

அண்ணே என்று ஆரம்பித்த எத்தனை கதைகளை அவள் பார்த்திருக்கிறாள். சோப்பு வாசனைகூட ஒட்டாமல் அனுப்பி வைக்கிறாள். கெட்டிக்காரிதான்.

இன்று காலை அடுப்பில் பால் தீய்ந்து, எதிர்வீட்டுக்காரி ஓடி வந்து அணைக்க வேண்டியதாயிற்று. மனசு இப்படிக் கொதித்துக்கொண்டிருந்தால் அடுப்பு எங்கே நினைவில் நிற்கும்? சட்டையை மடித்துப் பையில் வைத்தாள். கிளம்பிவிட்டாள்.

"மிஷின் கெட்டுப்போச்சு. அந்தப் பக்கம் போகாதீங்கம்மா," என்றார் நிலையத்து வாசலில் காவலாளி.

போகக் கூடாத இடத்தில்தான் இருப்பான் என்று நேராக அங்கேயே போனாள்.

சாக்கடை வந்து விழும் தொட்டியில் தண்ணீர் கறுப்பாகத் தளும்பி நின்றது. கம்பித் தடுப்பில் சிக்கிய துணியையும் பிளாஸ்டிக்கையும் அவன் நீளக் கம்பியால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில், முகமூடிக்கு மேல் கண் மட்டும் தெரிய ஒருத்தி. கண்ணுக்கு மை வேறு.

இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"தினம் எங்க குளிச்சிட்டு வீட்டுக்கு வர்றீங்க?"

"குளிக்கவா?" அவன் விழித்தான். "இங்க கால் கழுவவே ஒரு பைப்புதான். இப்படியேதான வர்றேன்."

"பொய் சொல்லாதீங்க." பையிலிருந்த சட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுல கொஞ்சமாவது நாத்தம் இருக்கா? எந்த மகராசி குளிப்பாட்டி அனுப்பறா?"

அவன் சட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

லேப் பெண் இருமிக்கொண்டே பின்வாங்கினாள். "அக்கா, சண்டைய வெளிய வந்து போடுங்க. எனக்கு முகமூடி போட்டும் குமட்டுது. இந்த நாத்தத்துல நீங்க எப்படி மூக்கக்கூடப் பொத்தாம நிக்கறீங்க?"

அவள் தொட்டியைக் குனிந்து பார்த்தாள். மூச்சை நன்றாக இழுத்தாள்.

"எந்த நாத்தம்?"