பூக்கோபுரம்

"ஐயோ ஹில்டா, போதும் நிறுத்து! இது சாப்பாட்டு மேசையா, தேர்த் திருவிழாவா?"

ஆலிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து போன மாதம்தான் ராயபுரத்தில் இந்தத் தெருவுக்குக் குடிவந்தவள். விருந்து மேசைக்குப் பூ அலங்காரம் செய்வதில் கெட்டிக்காரி. ஹில்டாவின் மகள் செலினுக்கு அன்று புது நன்மை; முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். காலையில் மாதா கோயிலில் பூசை முடிந்துவிட்டது. மதியம் வீட்டில் விருந்து. அதற்காகவே ஹில்டா வலியப் போய் ஆலிஸிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பித்தளைக் குண்டானில் ஈர மணலை அமுக்கி, ஓரத்தில் குரோட்டன்ஸ் இலைகளைச் செருகி, நடுவில் சாமந்தியும் கோழிக்கொண்டையும் வைத்தாள். அத்தோடு விட்டிருந்தால் பார்க்க லட்சணமாக இருந்திருக்கும். ஹில்டா விடவில்லை. சம்பங்கித் தண்டுகளை வாழைநாரால் கட்டி மேலே மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லிக் கொடுத்தது மறந்துபோச்சா? உக்கார்ந்தவங்க மோவாய்க்குக் கீழேதான் பூ நிக்கணும். எதிர்ல இருக்கறவங்க முகம் தெரிஞ்சாதான் நாலு வார்த்தை பேசுவாங்க."

"தெரியும்க்கா. ஆனா ஒசரமா இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

அந்த நேரம் பார்த்து ஹில்டாவின் கணவன் இக்னேஷியஸ் உள்ளே வந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். தோளில் ஒரு கட்டு சவுக்குக் கிளை.

"எண்ணூர் வரைக்கும் சைக்கிள் மிதிச்சு எடுத்தாந்தேன். போதுமா பாரு."

ஹில்டா கிளைகளைச் செருகினாள். பிறகு மேசையின் ஒரு கோடியில் அவனை உட்காரச் சொல்லி, மறு கோடியில் தான் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, நான் தெரியிறனா?"

"நெத்தி தெரியுது."

எழுந்து போய் இன்னும் இரண்டு கிளைகளைச் செருகினாள். "இப்ப?"

"ஒண்ணியும் தெரியல."

"மாதாவே, ஸ்தோத்திரம்!" என்று ஹில்டா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். உடனே ஓடிப்போய், சரிந்த ஒரு கிளையை அவள் நிமிர்த்தி வைப்பதை ஆலிஸ் பார்த்தாள். விருந்து என்றால் இப்படியா பதறுவார்கள்? புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து, அருமையான பூவையெல்லாம் வேலிப்படல் ஆக்கிவிட்டார்களே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

விருந்தாளிகள் அதிகம் இல்லை. அரக்கோணத்திலிருந்து ஹில்டாவின் அப்பா லூர்து; ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹில்டா அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்து ஒரு கோடியில் உட்கார வைத்தாள். காசிமேட்டிலிருந்து இக்னேஷியஸின் அப்பா சவரிநாதன். ஆயுசெல்லாம் கடலுக்குப் போனவர். இக்னேஷியஸ் அவரைப் பின்கட்டு வழியாக அழைத்து வந்து மறு கோடியில் உட்கார வைத்தான். நடுவில் வெள்ளை கவுனும் தலையில் பூமுடியுமாகச் செலின். அவள் பக்கத்தில் ஆலிஸ்.

சங்கரா மீன் குழம்பு கமகமத்தது. ஆனால் மேசையில் பேச்சே இல்லை. இரண்டு பெரியவர்களும் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார்கள்.

"பார்த்தியா?" என்று ஆலிஸ், பரிமாற வந்த ஹில்டாவின் காதைக் கடித்தாள். "எல்லாம் உன் பூ பண்ற வேலை. எழவு வீடு மாதிரி இருக்கு."

ஹில்டா பதில் சொல்வதற்குள் பூவுக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. சவரிநாதனுக்குத் தொண்டையில் முள். இருமல் பலமானது. இக்னேஷியஸ் முதுகைத் தட்டினான். நிற்கவில்லை.

"ஹில்டா," என்றார் இந்தப் பக்கம் லூர்து, தட்டைப் பார்த்துக்கொண்டே. "வெறுஞ்சோத்த உருட்டி மெல்லாம முழுங்கணும்னு சொல்லு."

"முழுங்கிட்டாரு நைனா. போவலியே!"

இருமல் விக்கலாக மாறியது. செலின் அழ ஆரம்பித்தாள். லூர்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பூவின் மேல் கை பட்டுச் சம்பங்கி நாலாபக்கமும் சிதறியது. குண்டானை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தார். மறு கோடிக்குப் போய் சவரிநாதனின் தாடையைப் பிடித்தார்.

"யோவ், வாயத் தொற! இன்னும் நல்லா... ஆங், கீது கீது. அசையாத."

இரண்டு விரலை விட்டு இழுத்தார். முள் வந்துவிட்டது.

சவரிநாதன் தண்ணீரைக் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரே நின்றவரை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாய்யா, தலை இப்பிடி நரைச்சுப் போச்சு உனக்கு?"

"உனக்கு மட்டும் பல்லு எங்க போச்சாம்?" என்றார் லூர்து. "காலமெல்லாம் கடல்ல கெடந்தவனுக்கு மீன் துன்னத் தெரியலியே!"

சவரிநாதன் சிரித்தார். பொக்கை வாய்ச் சிரிப்பு மேசை முழுக்கப் பரவியது. "உக்காருய்யா இங்க" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். லூர்துவின் தட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. செலின் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள்.

ஆலிஸ் எழுந்து ஹில்டாவிடம் போனாள். "நான் சொன்னேனா இல்லையா? கடைசியில உங்கப்பாவே உன் பூவைத் தூக்கிக் கீழே வச்சுட்டாரு!"

ஹில்டா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். உதடு சிரித்தது.

"வெக்கட்டும்க்கா! 'பேத்திக்காவ ஒரே மேசையில உக்கார்றேன், ஆனா அந்தாளு மூஞ்சில மட்டும் முழிக்க மாட்டேன்'னு ஒத்தக் கால்ல நின்னாங்க ரெண்டு பேரும். எங்க கல்யாணத்தன்னிக்கு மூஞ்சத் திருப்பிகினு போன சம்பந்திங்க, இன்னிக்குதான்க்கா திரும்பிப் பாத்துக்கினாங்க!"