எட்டுக்கால் பூச்சிக்குப் புது வூடு

"அந்த முசீபத்து புடிச்ச பூச்சிய நானே வேற டப்பாவுக்கு மாத்துறேன். நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய போ" என்றாள் அமீர் நிஷா.

மஹிரா நகரவில்லை. உள்ளங்கை அகல எட்டுக்கால் பூச்சி அது. அவள் புருஷன் ரியாஸ் ஆசை ஆசையாக வளர்த்தது. வேப்பூர் ரோட்டில் லாரி மோதி அவன் மவுத்தான பிறகு, அவன் நினைவாக அவளுக்கு மிஞ்சியது மகள் சனாவும் இந்தப் பூச்சியும்தான்.

ரியாஸின் அண்ணன் ஹிதாயத்துல்லாவுக்கு அவள் இருந்த அறை தேவைப்பட்டது. பீங்கான் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவருக்கு வாடகைக்குப் பேசி முடித்துவிட்டார். புருஷன் இறந்து நாலு மாசம் பத்து நாள், அந்நிய ஆண் கண்ணில் படாமல் இத்தாவில் இருக்கும் பெண் அவன் வீட்டை விட்டுப் போகக்கூடாது, அது முடியும்வரையாவது இருந்துகொள்கிறேன் என்று மஹிரா கெஞ்சினாள். கருவேப்பிலங்குறிச்சியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனால் வராந்தாவில்தான் படுக்க வேண்டும்.

"அங்க போயி இருந்தாலும் இத்தா இத்தாதானாம்" என்று பதில் கொண்டுவந்தவள் ஹிதாயத்துல்லாவின் மனைவி அமீர் நிஷாதான். இத்தாவில் இருப்பவளிடம் மச்சான் நேரே பேசக்கூடாதே! புருஷன் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் ஒப்பிக்கிற புண்ணியவதி.

அந்த வராந்தாவுக்குக் கொண்டுபோக முடியாத பூச்சியை வாங்கிக்கொள்ள ரியாஸின் சிநேகிதன் பாரி சம்மதித்திருந்தான். விரிசல் விட்ட கண்ணாடித் தொட்டியிலிருந்து அதை மாற்றித் தரவேண்டும். அவனும் உள்ளே வரமுடியாது. போனிலேயே வழி சொன்னான். கதவிடுக்கில் துணி அடைக்கணும். மேலே கப்பைக் கவிழ்த்து அடியில் அட்டையைச் செருகணும். மூச்சுக்காற்றுகூட அதன்மேல் படக்கூடாது. மிரண்டால் கடிக்கும், கண்ணிமைப்பதற்குள் ஓடிவிடும்.

தானே செய்வதாக மஹிரா சொன்னாள். அமீர் நிஷா அவள் கையிலிருந்த கப்பைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு அலறல்.

கதவு திறந்தபோது அமீர் நிஷாவின் விரல் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டி காலி. டப்பாவும் காலி.

"கடிச்சிட்டு ஓடிடுச்சுங்க" என்றாள், அலறல் கேட்டு ஓடிவந்த புருஷனிடம்.

ஹிதாயத்துல்லா அவளைக் கிழி கிழியென்று கிழித்தார். கட்டிலைப் புரட்டியும் பீரோவை நகர்த்தியும் பூச்சி அகப்படவில்லை. சேதி தெருவெல்லாம் பரவி சூப்பர்வைசர் காதுக்கும் போனது. தனக்கும் சின்னப் பிள்ளைகள் இருப்பதாகவும், பூச்சி கிடைக்காமல் குடிவர முடியாது என்றும் அவர் சொல்லிவிட்டார். வேறு யாரும் அந்த அறையை எட்டிப் பார்க்கவில்லை.

காலி பண்ணி இனி என்ன லாபம் என்று ஹிதாயத்துல்லா மஹிராவை விட்டுவிட்டார். கடிக்கிற பூச்சி திரியும் அறையில் தம்பி பெண்டாட்டியும் பிள்ளையும் படுப்பது பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

இருக்க இடம் கிடைத்தும் மஹிராவுக்கு மனசு ஆறவில்லை. சோறு கொண்டுவந்த அமீர் நிஷாவின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

"ஒங்களுக்கு அதப் புடிக்காதுக்கா. வேணும்னே தொரத்திட்டீங்க. எங்க பட்டினி கெடந்து சாவுதோ."

மடக்க முடியாத விரலோடு அமீர் நிஷா தட்டைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"மொதல்ல நீ சாப்புடு. அத மாத்தித்தான் வெச்சிருக்கேன். டப்பாவுல இல்ல, முந்தானையில மறச்சு எடுத்தாந்த என் ஊறுகா ஜாடியில. ஒன் இத்தா முடியட்டும், அப்பறமா கண்டுபுடிச்சுக்கலாம்."