உள்ளே இருப்பவர்கள்

"வேலியே பயிரை மேயுது சார். நம்ம ஆன்டிவைரஸ்லயே ஒரு ஓட்டை. சாதாரண லாகின் இருந்தா போதும், அது வழியா யாரும் அட்மின் ஆயிடலாம்" என்றாள் சங்கமித்ரா.

மேலாளர் உமேஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெளியாளுங்க பண்ண முடியுமா?"

"முடியாது சார். உள்ள இருக்கிறவங்களால மட்டும்தான்."

"எப்படின்னு உள்ள யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்!"

"சபாஷ்மா. நாளைக்குள்ள அடைச்சிடறேன்."

ஒன்பது வருடக் கான்ட்ராக்ட் வேலை இனி பர்மனென்ட்தான் என்று மனக்கோட்டை கட்டியபடியே அல்சூர் வீட்டுக்கு மெட்ரோ ஏறினாள்.

மறுநாள் வைட்ஃபீல்ட் ஆபீஸ் வாசலில் கார்டை எத்தனை முறை காட்டியும் சிவப்பு விளக்கே எரிந்தது. உமேஷுக்குப் போன் செய்தாள்.

"அடைச்சாச்சும்மா" என்றார் அவர் நிம்மதியாக. "அது தெரிஞ்சவங்க இப்போ உள்ள யாருமே இல்ல."